கண்ணேறு யாருக்கு?

நகரத்தின் எந்தத் தெருவிலாவது நடந்து பாருங்கள். பாதி எழும்பி நிற்கும் கட்டடம் ஒன்று கண்ணில் படும். அதன் முகப்பிலே, சாரக் கம்பில் கட்டித் தொங்கவிடப்பட்ட பொம்மை ஒன்று! உருட்டி விழிக்கும் கண்கள், துருத்திய நாக்கு, முறுக்கிவிட்ட மீசை. அருகிலே ஒரு பூசணிக்காய். அதன் மேலும் அரக்கன் முகம். எதற்காம்? கட்டடத்துக்குக் கண்ணேறு பட்டுவிடக் கூடாதாம்! கல்லுக்கும் கம்பிக்கும், இன்னும் பூசி முடியாத சுவருக்கும், பொறாமைக்காரன் பார்வையால் தீங்கு வந்துவிடுமோ என்று அஞ்சிக் காவல் வைத்திருக்கிறார் உரிமையாளர்.

அந்தப் பொம்மைக்கு நேர் கீழே ஒருவர் குந்தியிருந்து தரை ஓடு அறுக்கிறார். கையிலே சுழலும் வெட்டுப்பொறி. அதன் விளிம்பு ஓட்டைத் தொட்டதும், வெண்புகை போலத் தூசி எழுந்து அவர் முகத்தை மூடுகிறது. மூக்கின் மேல் ஒரு பழைய துண்டு. வயது முப்பதுதான், புருவமோ நரைத்துக் கிடக்கிறது! மாலையில் முகம் கழுவினால் புருவம் மீண்டும் கறுத்துவிடும். மூச்சோடு உள்ளே போனதை எந்தத் தண்ணீரால் கழுவுவது?

கண்ணால் வரும் கேட்டுக்குக் காவல் உண்டு, அப்படியொரு கேடு இல்லவே இல்லாதபோதும். காற்றால் வரும் கேட்டுக்குக் காவல் இல்லை, அது மருத்துவ நூல்களிலெல்லாம் எழுதப்பட்டிருந்தும். இந்த விந்தையை நாமும் பல்லாண்டு பார்த்துக்கொண்டே நடந்து போனவர்கள்தாம். நம்மை நிற்கவைத்தது, நாம் ஆசிரியராகப் பணிபுரியும் பள்ளியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

பள்ளிக்குப் புதிய வகுப்பறைகள் இரண்டு கட்டினார்கள். தரைக்கு ஓடு பதிக்கும் வேலை, நாம் பாடம் நடத்தும் அறையின் சன்னலுக்கு வெளியே நடந்தது. தூசி உள்ளே வந்தது. பிள்ளைகள் தும்மினர், நாமும் தும்மினோம். என்ன செய்தோம்? எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினோம்! சாத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தோம். சோழர் காலக் கட்டடக் கலை பற்றிய பாடம் அது, கேட்டுக்கொள்ளுங்கள்! கடைசி வரிசை மாணவன் ஒருவன் மூடிய சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாடத்தைக் கவனி என்று அதட்டினோம். வெளியே ஓடு அறுத்துக்கொண்டிருந்தவர் அவனுடைய தந்தை என்பது, மணி அடித்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

நம்மையும் பிள்ளைகளையும் காக்கச் சன்னலைச் சாத்தவேண்டும் என்று உடனே தோன்றிய நமக்கு, சன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் நுரையீரல் உண்டு என்பது ஏன் தோன்றவில்லை? அன்று முதல் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

தோழர்களே! கொலை என்றால் என்ன? கத்தியால் குத்துவது கொலை. உணவிலே நஞ்சு கலந்து ஒரே வேளையில் கொல்வதும் கொலை. அதே நஞ்சை நாளுக்கு ஒரு துளியாகப் பதினைந்து ஆண்டுகள் கொடுத்தால்? அதைவிடக் கொடிய கொலை என்பீர்கள். சரி, இப்போது இன்னொன்று கேட்கிறோம். கொடுப்பவனுக்குக் கொல்லும் எண்ணம் இல்லை. வேலை விரைவில் முடிந்தால் போதும் அவனுக்கு. நஞ்சு கலக்கிறது என்று அறிவான். தடுக்கும் வழியும் அறிவான். அதற்கு ஆகும் செலவும் சிறிதே. ஆயினும் தடுக்கவில்லை. இதற்கு என்ன பெயர்? இங்கேதான் நம் நா தடுமாறுகிறது.

சாரம் சரிந்து ஒருவர் விழுந்தால் காவலர் வருகிறார், செய்தியாளர் வருகிறார், இழப்பீடு பற்றிப் பேச்சு எழுகிறது. சட்டமன்றத்தில் கேள்விகூடப் பிறக்கலாம். பதினைந்து ஆண்டு தூசி தின்று, ஒரு நாள் நான்கு படி ஏற முடியாமல் உட்கார்ந்து, ஓராண்டு கட்டிலில் கிடந்து ஒருவர் இறந்தால் யார் வருகிறார்கள்? உறவினர் வருகிறார்கள். "பாவம், நெஞ்சுச்சளி" என்று சொல்லிப் போகிறார்கள். ஆனால் எது பெரிய கொல்லி? கணக்கெடுக்கும் பழக்கமுள்ள நாடான பிரிட்டனில், தொழிலிட நலத்தையும் பாதுகாப்பையும் மேற்பார்க்கும் அரசு அமைப்பே சொல்கிறது: கட்டுமானத் தொழிலாளி ஒருவர் விபத்தால் இறப்பதைவிட, வேலையால் வந்த அல்லது வேலையால் முற்றிய நோயால் இறக்கும் வாய்ப்பு குறைந்தது நூறு மடங்கு! விழுந்தவரை மட்டும் எண்ணுகின்ற நாடுகளில், மீதியுள்ளோர் எந்தக் கணக்கிலும் இல்லாமல் புதைக்கப்படுகிறார்கள்.

அந்தத் தூசி என்னதான் செய்கிறது? மணல், கருங்கல், எம்-சாண்ட், கான்கிரீட், செங்கல், தரை ஓடு ஆகிய எல்லாவற்றிலும் கூடியும் குறைந்தும் இருப்பது சிலிக்கா. கல்லாகக் கிடக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அறுக்கும்போது, துளைக்கும்போது, தேய்க்கும்போது, மின்கம்பி பதிக்கச் சுவரிலே பள்ளம் வெட்டும்போது, ஏன், காய்ந்த தரையைச் சித்தாள் துடைப்பத்தால் பெருக்கும்போதுகூட, அது தூளாகிக் காற்றில் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் கொல்லி! தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள், நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்கிறது. உடலின் காவற்படையான விழுங்கணுக்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கிய காவலன் மாள்கிறான், துகள் மாளுவதில்லை. அடுத்த காவலன் வந்து விழுங்குகிறான், அவனும் மாள்கிறான். இப்படிப் போர் நடந்த இடமெல்லாம் தழும்பு. தழும்பேறிய நுரையீரல் விரிவதில்லை. இதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்தவர்க்கு வருவது. தூசி மிக அடர்ந்தால் சில ஆண்டுகளிலேயே, சில மாதங்களிலேயேகூட வருவது. குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போகும். காசநோய் இவர்களை எளிதில் பற்றுகிறது. காசமே இல்லாதவர்க்கும் காசம் என்று கருதி மருந்து தரப்படுவதும் உண்டு. படத்தில் தெரியும் நிழல் அவ்வளவு ஒத்திருக்கும். இதே தூசி புற்றுநோயையும் விளைவிக்கும் என்று, உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்துவிட்டது.

தூசி ஒன்றுதானா? கொத்தனாரின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? வெடித்து, தோலுரிந்து, அரித்து, இரவெல்லாம் எரியும் விரல்கள். ஈரச் சிமென்ட்டின் காரம் ஒரு பாதி. அதிலுள்ள குரோமியச் சேர்மம் மறு பாதி. ஒருமுறை அந்தச் சேர்மம் உடலுக்கு ஒவ்வாமற்போனால், பிறகு வாழ்நாளெல்லாம் சிமென்ட்டைத் தொட்டாலே புண். இதற்கு மருத்துவமனையில் அன்று, சிமென்ட் ஆலையிலேயே மாற்று உண்டு. அரைக்கும்போது சிறிது இரும்புச் சல்பேட்டைச் சேர்த்தால் அந்தச் சேர்மம் தீங்கு குறைந்ததாக மாறிவிடுகிறது. டென்மார்க்கு 1980களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும், அச்சேர்மம் பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கும் சிமென்ட்டைத் தடுத்துவிட்டார்கள். அங்குள்ள கொத்தனாரின் விரல் பொன்னாலானதா என்ன? சித்தாளின் கழுத்தெலும்பும் இடுப்பெலும்பும் தேய்வதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்; ஒரு நாளில் எத்தனை சட்டிக் கலவை அந்தத் தலையில் ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்தவர் யார்?

"இதெல்லாம் இப்போதுதானே தெரிகிறது! முன்பு யாருக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். வரலாற்றைப் புரட்டுவோம். 1700ஆம் ஆண்டில் இத்தாலியில் இராமசினி என்னும் மருத்துவர், தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். கல் தச்சர் கல்தூசியை உண்பதையும், சுண்ணாம்பு வேலை செய்வோர் மூச்சுத் திணறுவதையும் அதில் எழுதியிருக்கிறார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேருங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? நோயை மட்டும் பாராமல் அதன் முதலைத் தேடச் சொன்ன வள்ளுவரின் பிள்ளைகள் நாம். நம் மருத்துவமனைச் சீட்டுகளில் அந்தக் கேள்விக்கு எழுதப்படும் விடை என்ன? "கூலி." இரண்டே எழுத்து! அந்த இரண்டு எழுத்துக்குள் கல் உடைப்பவரும், களை எடுப்பவரும், மூட்டை சுமப்பவரும், ஓடு அறுப்பவரும் ஒன்றாகப் புதைந்து போகிறார்கள்.

அறியாமையால் நடப்பது என்று சொல்வோருக்கு, அமெரிக்காவில் நடந்த ஒன்றை எடுத்துக்காட்டுவோம். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக, 1930இல் மலையைக் குடைந்தார்கள். ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கவழி என்று பெயர். அந்த மலைப்பாறை சிலிக்கா நிறைந்தது. துளைக்கும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசி அடங்கும், வேலை தாமதமாகும். ஆகவே உலர்ந்த பாறையிலேயே துளையிட்டார்கள். உள்ளே உழைத்தவர்களில் பெரும்பாலோர், தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள். பொருளாதாரம் சரிந்து, வேலையின்றி நாடே தவித்த நேரம். மாதக் கணக்கில் உழைத்து, மூச்சடைத்து விழுந்தார்கள். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது. மார்ட்டின் செர்னியாக் என்னும் மருத்துவர் 1986இல் வெளியிட்ட நூலில், இறந்தவர் தொகை 764 என்று மதிப்பிட்டிருக்கிறார். இதில் நம் நெஞ்சைச் சுடும் செய்தி எது தெரியுமா? சுரங்கத்தைப் பார்வையிட வந்த அதிகாரிகள் முகமூடி அணிந்து வந்தார்களாம்! தெரியாமலா அணிந்தார்கள்? அவர்களுக்கு முகமூடி, நமக்குச் சாத்திய சன்னல். வேறுபாடு எங்கே?

"அவரவர் விருப்பப்பட்டுத்தானே இந்த வேலைக்கு வருகிறார்கள்! கட்டாயப்படுத்தி யார் இழுத்து வந்தது?" என்பது அடுத்த வாதம். படித்தவர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். சன்னல் நிகழ்ச்சிக்கு மறுநாள், நாம் அந்தத் தந்தையிடம் போனோம்.

"தண்ணீர் விட்டு அறுக்கக் கூடாதா, அண்ணே? தூசி அடங்குமே?"

"விடலாம் சார். சேறாகும். வழிச்சுத் துடைக்க ஒரு ஆளு வேணும். சதுர அடிக் கணக்குல கூலி சார், நேரம் போனா யாரு கொடுப்பா?"

"இருமல் இருக்கிறதா?"

"காலையில கொஞ்சம் இருக்கும். வெல்லம் தின்னா தூசியெல்லாம் இறங்கிடும் சார். மேஸ்திரியே வாங்கித் தருவாரு."

வெல்லம்! இந்த நம்பிக்கையை எத்தனை வேலையிடங்களில் கேட்டிருக்கிறோம். சிலர் வாழைப்பழம் என்பார்கள். வெல்லம் போவது வயிற்றுக்கு. தூசி போவது நுரையீரலுக்கு. தொண்டைக்குக் கீழே இரண்டும் வேறு வேறு வழி, சந்திப்பதே இல்லை. எட்டாம் வகுப்புப் பாடத்திலுள்ள படம் போதும் இதை விளக்க. ஆனால் வெல்லம் மலிவு, தண்ணீர்க் குழாய் பொருத்திய வெட்டுப்பொறி விலை கூடுதல். கட்டடத்துக்குப் பொம்மை, தொழிலாளிக்கு வெல்லம்! மூடநம்பிக்கை எப்போதும் ஏழையின் தலையில்தான் விடிகிறது. அதன் இலாபம் வேறொருவர் பையில் போய் விழுகிறது.

நஞ்சு இன்னதென்று சொல்லாமல் பெற்ற இசைவு இசைவாகுமா? சொன்னாலும்கூட, தூசியா பட்டினியா என்று இரண்டை மட்டும் நீட்டி, ஒன்றைப் பொறுக்கு என்பது விருப்பமாகுமா? சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போதே, மெதுவாக, தண்ணீர் விட்டு, பாதுகாப்பாக அறுப்பவரின் கூலி வெட்டப்பட்டுவிடுகிறது. அந்தக் கூலிக் கணக்கிலேயே நோய் எழுதப்பட்டுவிட்டது. பிறகு மேஸ்திரி நம்மிடம் வந்து, "முகமூடி கொடுத்தாலும் இவங்க போடுறதில்ல சார்" என்று குறைப்பட்டார். அவர் கொடுத்தது மெல்லிய துணித் துண்டு. நுண்துகள் அதன் இழைகளுக்கிடையே தாராளமாகப் போய்வரும். நுண்துகளைத் தடுக்கும் முகமூடிகள் வேறு. அவையும் முகத்தோடு இறுகப் பொருந்தவேண்டும். வெயிலில் எட்டு மணி நேரம் அதை அணிந்து உழைக்கச் சொல்வதற்கு முன்னால், தூசி எழும் இடத்திலேயே அதை அடக்கவேண்டாமா? மேஸ்திரியையும் முழுக்கக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவரும் பத்தாண்டு முன்பு ஓடு அறுத்தவர். அவருக்கும் காலையில் இருமல் உண்டு.

இனி மூன்றாவது வாதம், எல்லாவற்றிலும் பழையது: தலைவிதி! "அவன் தலையெழுத்து, நெஞ்சு கெட்டுப் போயிற்று" என்று சொல்லிவிட்டால், ஒப்பந்தக்காரர் விடுபடுவார், உரிமையாளர் விடுபடுவார், சன்னலைச் சாத்திய நாமும் விடுபடுவோம். எத்தனை பேருக்கு வசதியான எழுத்து பாருங்கள்! ஆனால் ஒன்று கேட்கிறோம். இந்த விதி ஏன் ஓடு அறுப்பவர் நுரையீரலையே தேடித் தேடி எழுதுகிறது? ஏன் ஒப்பந்தக்காரர் மார்பில் ஒருநாளும் எழுதுவதில்லை? தண்ணீர் பாய்ச்சினால் ஏன் அழிந்து போகிறது? ஒரு வாளித் தண்ணீரால் அழியக்கூடிய எழுத்தைப் பிரமன் எழுதியது என்று நம்பச் சொல்கிறார்கள்!

காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே பதினைந்து ஆண்டு இருப்பதுதான் இந்தக் குற்றத்தின் ஒளிவிடம். இந்தப் பதினைந்து ஆண்டில் அவர் நூறு கட்டடங்களில் உழைத்திருப்பார். எந்தக் கட்டடத்துத் தூசி அவரைக் கொன்றது? யாரைப் பிடிப்பது? நூறு பேர் ஆளுக்கொரு துளி கொடுத்தால் யாருமே நஞ்சிடவில்லை என்றாகிவிடுமா? ஆகாது, நூறு பேரும் பொறுப்பு என்றுதான் அறம் சொல்லும். சட்டமும் இதைச் சிறிது உணர்ந்ததுண்டு. கல்நார்த் தூசி வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அவரது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொருவருடைய உடல்நலப் பதிவையும், வேலையில் சேர்ந்த நாள் முதல் நாற்பது ஆண்டு, அல்லது வேலை முடிந்து பதினைந்து ஆண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்று ஆலைகளுக்கு ஆணையிட்டது. நாற்பது ஆண்டு! நோய் எவ்வளவு மெல்ல நடந்து வருகிறது என்பதை நீதிமன்றம் அறிந்திருந்தது.

ஆலைக்குச் சரி. காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் கரண்டியும் தூக்குக்குண்டுமாக வந்து நின்று, யார் அழைத்தால் அவர் பின்னே போகும் கொத்தனாருக்கு யார் பதிவு வைப்பது? இங்கேதான் சட்டம் ஓட்டை விடுகிறது. தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் சங்கம் கட்டிப் போராடியதன் பயனாக, 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் பிறந்தது. 1996இல் நாடு முழுவதற்குமான சட்டமும், கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நலநிதிக்கு வசூலிக்கும் சட்டமும் வந்தன. பெரும் வெற்றிகள்தாம், மறுக்கவில்லை. ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரும் அதற்கு மேலும் உழைக்கும் இடங்களுக்கே பொருந்துவதாக அமைந்தது. மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டுக்கு ஓடு பதித்தால்? 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தப் பத்து என்னும் எண் போகவில்லை. ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் சிலிக்கா இரக்கம் காட்டுமா?

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, நம் ஊர்களில் மாடி மேல் மாடியாக எழுப்பும் தோழர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நோய் முற்றியதும் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே கட்டடம் இங்கே, கல்லறை அங்கே. இங்குள்ள பதிவில் அவர்கள் நலமாக வந்தார்கள் என்றுமட்டும் இருக்கும், அதுவும் பதிவு என்று ஒன்று இருந்தால்.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? இராசத்தான் மாநிலம் 2019இல் தூசி நோய்களுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. சிலிக்கோசிஸ் என்று சான்று பெற்றவருக்கு 3 இலட்சம் ரூபாய், அவர் இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 இலட்சம் என்று அறிவித்தது. நோய் வந்த பின்னர்த் தரும் பணம் மூச்சைத் திருப்பித் தராது. ஆயினும் இந்த நோய்க்குக் காரணம் வேலை என்று ஓர் அரசு ஏட்டில் எழுதி ஒப்புக்கொண்டதே, அது சிறிய செய்தியன்று. ஆசுத்திரேலியா ஒரு படி மேலே போயிற்று. சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லில் சிலிக்கா மிகுதி. அதை அறுத்த இளைஞர்கள் நோயுற்றார்கள். 2024 சூலை 1 முதல் அந்தக் கல்லையே அந்நாடு தடுத்துவிட்டது. உலகிலேயே முதல் தடை அது. மேடையின் பளபளப்பைவிட மார்பின் மூச்சு பெரிதென்று ஒரு நாடு முடிவு செய்ய முடிகிறது!

மீண்டும் நம் பள்ளிக்கு வருவோம். தலைமையாசிரியரிடம் சொன்னோம். முதலில் சிரித்தார், பிறகு ஒப்பந்தக்காரரை அழைத்துப் பேசினார். ஒப்பந்தக்காரர், நாள் கூடினால் தொகை கூடும் என்றார். பெற்றோர் சிலரும் ஆசிரியர் சிலரும் சேர்ந்து, துடைக்கும் ஆளுக்கான கூலியை ஏற்றோம். ஒரு பையன் தண்ணீர்ப் புட்டியின் மூடியில் துளையிட்டுக் கொண்டுவந்தான். வெட்டும் இடத்தில் தண்ணீர் விழுந்தது. மின்பொறிக்கருகே தண்ணீர் இடர் தரும் என்று அந்தத் தந்தையே எச்சரித்து, ஈரத்தில் அறுக்கவென்றே செய்த பொறியை வாடகைக்கு எடுக்கச் சொன்னார். எடுத்தோம். புகை போல எழுந்த தூசி, சாம்பல் நிறச் சேறாகத் தரையில் ஓடியது. வேலை முடிய நான்கு நாள் கூடிற்று. சன்னல் திறந்தே இருந்தது. பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் ஒருவர் எட்டிப் பார்த்து, "பள்ளிக்கூடத்துக்காரங்களுக்குப் பணம் மிச்சமோ!" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் வீட்டு முகப்பில் பெரிய பொம்மை தொங்குகிறது.

அந்தத் தந்தையை நெஞ்சுநோய் மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறோம். போவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் போகவில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே!

இவ்வாண்டு மாணவர் சேர்க்கை ஏட்டை எழுதும் பொறுப்பு நமக்கு வந்தது. பெற்றோர் தொழில் என்றொரு கட்டம். சென்ற ஆண்டு ஏட்டைப் பார்த்தோம். கட்டம் கட்டமாகக் கூலி, கூலி, கூலி. அவற்றில் பாதி நம் கையெழுத்து. இம்முறை ஒவ்வொருவரையும் நிறுத்தி, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்று கேட்டோம். அவனுடைய தம்பியைச் சேர்க்க அவன் தாய் வந்திருந்தார். "தந்தை: தரை ஓடு அறுப்பவர், பதினோரு ஆண்டு. தாய்: சித்தாள், ஒன்பது ஆண்டு" என்று எழுதினோம். கட்டத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று.